தொண்ணூற்றொன்பது கருவிகள்

லம்யாய் எழுதிக் கொடுத்த பட்டியலில் நூற்றுப் பன்னிரண்டு சாமான்கள் இருந்தன. சியா ஹெங்கின் அறுவடை இயந்திரக் கம்பெனியில் பத்தொன்பது வருஷமாகக் கருவி அறை அவள் பொறுப்பு. எந்த வயலில் எந்த இயந்திரம் நின்றது, போன மெக்கானிக் எந்தச் சாமான் இல்லாமல் தலையைச் சொறிந்துகொண்டு திரும்பி வந்தான் என்பதையெல்லாம் நோட்டுப் போட்டு எழுதி வைத்திருப்பவள். வயலுக்கே போய்ப் பழுது பார்க்கப் புதிதாக ஆறு வேன் வாங்கப் போகிறோம், உள்ளே என்னென்ன வேண்டும் என்று எழுது என்று முதலாளி சொன்னதும், அந்த நோட்டுகளைப் பரப்பிக்கொண்டு மூன்று வாரம் உட்கார்ந்தாள்.

"கல்யாணத்துக்குக்கூட அவ இவ்ளோ யோசிக்கல. யோசிச்சிருந்தா அந்த வினாயைக் கட்டியிருப்பாளா?" என்றாள் எதிர்வாடையில் நூடுல்ஸ் கடை வைத்திருக்கும் ஊன் என்பவள்.

வினாயும் அதே கம்பெனியில்தான் மெக்கானிக். விவாகரத்து ஆகி ஆறு வருஷமாகிறது. இருவரும் பேசிக்கொள்வது கருவி அறை ஜன்னல் வழியாக மட்டும். "பதினேழாம் நம்பர் ஸ்பேனர்." "கையெழுத்து." "ம்." அவ்வளவுதான். இதையும் காதல் என்று சொல்ல எங்கள் சந்தையில் ஆள் இருந்தது. வேறு வேலை இல்லாதவர்கள்.

பட்டியலில் எண்பத்தேழு சாமான்கள் கோல்ஃப் என்று கூப்பிடப்படும் முதலாளி மகன் பாங்காக் கண்காட்சியில் வாங்கி வந்தவை. கறுப்பு நுரைத் தட்டில் ஒவ்வொரு கருவிக்கும் அதன் உருவத்திலேயே ஒரு பள்ளம். மடக்கு ஸ்பேனர், உள்ளங்கையில் அடங்கும் ஜாக்கி, நகவெட்டி அளவில் குறடு. பாதிக்குமேல் நல்ல சாமான்தான் என்று லம்யாயே ஒப்புக்கொண்டாள். அவள் ஒரு சாமானை நல்லது என்று சொல்வது வருஷத்துக்கு இரண்டு தடவை நடக்கும். அந்த எண்பத்தேழோடு தன் நோட்டிலிருந்து இருபத்தைந்தைச் சேர்த்தாள். ஸ்பேனர் பிடியில் செருகி நெம்ப இரண்டடிக் குழாய், சங்கிலி, கனமான வெட்டுளி. எல்லாவற்றுக்கும் மேலே சிவப்பு மையில் இரும்புத் தாங்கி.

அந்தத் தாங்கி பார்க்க அழகாக இருக்காது. ஒரு முழ உயரம், அடியில் சோற்றுத்தட்டு அகலத்துக்கு ஒரு தகடு, பதினான்கு கிலோ. ஆனால் அறுவடை இயந்திரத்தின் முன்னால் இருக்கும் வெட்டும் பகுதியை உயர்த்தி வைத்துவிட்டு, ஒரு மனிதன் அதற்கு அடியில் கையை விட்டுத்தான் உடைந்த கத்தியை மாற்ற வேண்டும். அதைத் தூக்கி நிறுத்தும் எண்ணெய்க் குழாய் எப்போது நழுவும் என்று யாருக்கும் தெரியாது. நழுவினால், தாங்கி இருந்தால் "டங்" என்று ஒரு சத்தம் வரும். இல்லாவிட்டால் வேறு சத்தம் வரும். தகடு அகலமாக இருப்பதால் சேற்றில் புதையாது.

முதலாளி சியா ஹெங் பட்டியலை வாங்கினார். ஒவ்வொரு சாமானாகப் படிக்கவில்லை. கடைசி எண்ணை மட்டும் பார்த்தார்.

"நூத்திப் பன்னெண்டா? கூட்டினா நாலு வருதே. சாவு எண்ணைக் கொண்டுவந்து என் புது வண்டிக்குள்ள வைக்கிறியா?"

அவருக்கு ராசி ஒன்பது. போன் நம்பரில் அது ஐந்து தடவை வரும். வீட்டுக்குப் படி ஒன்பது. ஜோசியரிடம் கேட்காமல் அவர் முடி வெட்டிக்கொள்வதில்லை, வெட்டுவதற்கு இப்போது அதிகம் இல்லை என்றாலும். ஜோசியர் போனிலேயே தீர்ப்புச் சொல்லிவிட்டார்: தொண்ணூற்றொன்பது. வேன் பக்கவாட்டில் பெரிய எழுத்தில் ஒட்டுவதற்கும் அது நன்றாக இருந்தது. 'உங்கள் வயல் வாசலில் 99 கருவிகள்'.

"அப்போ பதிமூணு குறைக்கணும். சின்ன விஷயம்" என்றான் கோல்ஃப்.

"குறைக்கலாம் தம்பி. உங்க தட்டுல கைக்கடிகாரம் திறக்கிற திருப்புளி மூணு இருக்கு. அறுவடை மிஷின் எந்தக் கையில வாட்ச் கட்டுது? அதை எடுங்க முதல்ல."

"அதை எடுத்தா தட்டுல பள்ளம் காலியா தெரியும் அக்கா. போட்டோவுல அசிங்கமா இருக்கும்."

"காலிப் பள்ளம் நல்லதில்ல" என்றார் சியா ஹெங்கும்.

ஆக, பள்ளம் உள்ள எண்பத்தேழும் தங்கின. பள்ளம் இல்லாத இருபத்தைந்தில் பதிமூன்று வெளியே போக வேண்டும் என்று ஆயிற்று. எவை என்று கோல்ஃப்தான் பேனாவால் அடித்தான். கனமானவை, துருநிறமானவை, பெயர் நாகரிகமாக இல்லாதவை. தாங்கியின் மேல் போட்ட கோடு இரண்டாம் பக்கம் வரைக்கும் பதிந்தது.

அப்போதுதான் லம்யாய் எழுந்து நின்றாள். "அதை அடிக்காதீங்க. மத்த பன்னெண்டையும் எடுத்துக்கோங்க, வயித்தெரிச்சலோட தந்துடறேன். தாங்கி வண்டியில இருக்கணும். அது இல்லாம எவன் கையாவது போகும்."

அறையில் ஆறு வேனுக்கும் உரிய ஆறு மெக்கானிக்குகள் உட்கார்ந்திருந்தார்கள். ஆறு பேரும் வயலில் பிழைத்தவர்கள். ஆறு பேருக்கும் அவள் சொல்வது உண்மை என்று தெரியும்.

"நீங்க என்ன சொல்றீங்க?" என்று அவர்களைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டார் முதலாளி.

முதலாளி சிரித்துக்கொண்டு கேட்டால் மாற்றிச் சொல்லும் வழக்கம் எங்கள் ஊரில் கிடையாது. அவர் மனசு சங்கடப்படுமே! ஆறு தலையும் சேர்ந்து ஆடின. "சரிதாங்க முதலாளி." ஐந்தாம் வேனுக்கு உரிய வினாய் ஒரு படி மேலே போனான். "ஜாக்கி இருக்குல்ல முதலாளி, அதை வச்சுச் சமாளிச்சுக்கலாம்."

லம்யாய் அவனைப் பார்த்த பார்வையில் ஒரு பலகைக்கு வார்னிஷ் உரிந்திருக்கும். "சமாளி. நீ எதைத்தான் சமாளிக்கல" என்று சொல்லிவிட்டு வெளியே போனாள். அன்று சாயங்காலத்துக்குள் சந்தை முழுக்கச் செய்தி பரவிவிட்டது: லம்யாய் முதலாளி முன்னாலேயே குரலை உயர்த்தினாளாம். தாங்கி பற்றி யாரும் பேசவில்லை. குரல் பற்றித்தான் பேச்சு.

வேன்கள் கிளம்பிய நாள் காலை ஒன்பது மணி ஒன்பது நிமிஷத்துக்கு ஒன்பது பிக்குகள் வந்து ஓதினார்கள். ஒவ்வொரு வேனின் கூரையிலும் வெள்ளைச் சாந்தால் புள்ளி வைத்தார்கள். வண்டியைக் காக்கும் தாயம்மாவுக்கு மல்லிகை மாலையும் மூவர்ணத் துணியும் கட்டினார்கள். கோல்ஃப் நுரைத் தட்டைத் திறந்து வைத்துப் போட்டோ எடுத்தான். பள்ளம் ஒன்றுகூடக் காலியாக இல்லை.

பதினோராவது நாள், அறுவடை உச்சத்தில், மேற்கே கருத்துக்கொண்டு வந்தது. கால்வாய்க்கு அப்பால் ஒரு வயலில் நெல் பாதி அறுத்தபடி இயந்திரம் நின்றுவிட்டது, கத்தி உடைந்திருந்தது. ஐந்தாம் வேன் போயிற்று. வினாய் வெட்டும் பகுதியை உயர்த்தினான். உள்ளங்கை ஜாக்கியைச் சேற்றில் வைத்தால் சேறு அதை விழுங்கியது. அதன் அடியில் ஒரு யூகலிப்டஸ் கட்டையைக் கொடுத்தான். வயல்காரர் வானத்தையும் அவனையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். முக்கால் மணி நேர வேலை. நாற்பதாவது நிமிஷத்தில் எண்ணெய்க் குழாய் நழுவியது, கட்டை உருண்டது.

இடது கையில் இரண்டு விரல்கள். மோதிர விரலும் சுண்டு விரலும்.

செய்தி வந்தபோது லம்யாய் ஊன் கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கிண்ணத்தை மேஜையில் வைத்தாள், குழம்பு தெறித்தது. அழுவாள் என்று நினைத்து ஊன் துடைக்கும் காகிதத்தை உருவி நீட்டினாளாம். லம்யாய் அந்தக் காகிதத்தால் மேஜையைத் துடைத்துவிட்டு, "அந்த வண்டி எங்க?" என்று மட்டும் கேட்டாளாம்.

வண்டி மறுநாள் காலை கம்பெனி முற்றத்தில் நின்றது. அவள் பின்கதவைத் திறந்தாள். ஜாக்கி கிடந்தது. கட்டையையும் யாரோ தூக்கி உள்ளே போட்டிருந்தார்கள், கறையோடு. அதற்குப் பக்கத்தில் இன்னொன்று இருந்தது. இரும்புத் தாங்கி. புத்தம் புதுசு. தொட்டாள். விரலில் மஞ்சள் பெயின்ட் ஒட்டியது.

"அக்கா, உங்களைத்தான் தேடினேன்." கோல்ஃப் கையில் ஒரு காகிதத்தோடு வந்தான். "தொழிலாளர் ஆபீசுக்கு அனுப்பணும். கருவி அறைப் பொறுப்பாளர் கையெழுத்து. சும்மா ஒரு வழக்கத்துக்கு."

அவள் படித்தாள். அவள் எதையும் முழுசாகப் படிப்பவள் என்பதை அவன் மறந்திருக்க வேண்டும். வண்டியில் தாங்கி இருந்தது, ஊழியர் அதைப் பயன்படுத்தவில்லை, விபத்து அவருடைய கவனக்குறைவால் நேர்ந்தது. கீழே அவள் பெயர் தட்டச்சில், அதற்கு மேலே கையெழுத்துக்கு ஒரு கோடு.

"பெயின்ட் காயலையே தம்பி."

"என்ன அக்கா?"

"பொய் சொல்றதுக்கு முன்னால அது காயற வரைக்குமாவது பொறுத்திருக்கலாம்ல?"

கோல்ஃப் சிரித்தான். அவன் அப்பாவிடமிருந்து வந்த சிரிப்பு, இன்னும் அளவு சரியாகவில்லை. "வினாய் அண்ணனே ஒத்துக்கிட்டார் அக்கா. போய்க் கேட்டுப் பாருங்க."

போய்க் கேட்டாள். ஆறு வருஷத்தில் முதல் தடவையாக ஸ்பேனர் நம்பர் இல்லாத பேச்சு. மருத்துவமனை வராந்தாவில் கைக்கட்டோடு உட்கார்ந்திருந்த வினாய், அவளைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தான்.

"உக்காரு. அந்தக் காகிதத்துல என்ன எழுதியிருக்குன்னு தெரியுமா உனக்கு?"

"தெரியும். போட்டுடு லம்யாய். முதலாளி பாத்துக்கறேன்னாரு. கேட்ல காவல் வேலை தரேன்னாரு."

"என்ன வேலை?"

"கேட்டைத் திறந்து மூடற வேலைதான். மூணு விரலே போதும்."

"எஞ்சினைத் தொட்டே எந்த வால்வுன்னு சொல்ற கை அது, கேட்டைத் திறக்கவா? உன் தப்புன்னு எழுதி உன்கிட்டயே ஒத்துக்க வச்சுட்டு, வாசல்ல நிக்க வச்சு வர்றவனுக்கெல்லாம் சலாம் போடச் சொல்றான். நீ அதுக்கு நன்றி வேற சொல்லியிருப்பியே?"

அவன் கைக்கட்டின் ஓரத்தை இழுத்துவிட்டான். சொல்லியிருக்கிறான் என்று தெரிந்தது.

"கத்தாதே, நர்ஸ் பாக்குது."

"பாக்கட்டும்! உன்கூடக் குடித்தனம் நடத்துனப்போ கத்தாம இருந்ததுதான் நான் பண்ண முட்டாள்தனம்."

"அவங்களை எதுக்கு லம்யாய் சங்கடப்படுத்தணும்..."

"சங்கடமா? அன்னிக்கு அந்த ரூம்ல முதலாளி சங்கடப்படக் கூடாதுன்னு ஆறு பேரும் தலையாட்டினீங்க. அவர் சங்கடப்படல. கை பத்திரமா இருக்கு, பத்து விரலும். இப்போ எண்ணிக்கோ யாருக்குச் சங்கடம்னு."

திரும்பி வரும் வழியெல்லாம் மோட்டார்சைக்கிளின் கியர் அவளிடம் அடி வாங்கியது. அவளுக்குக் கோல்ஃப் மேல் கோபம், முதலாளி மேல் கோபம், அந்த ஜோசியன் மேல் கோபம். எல்லாவற்றையும்விடத் தன் மேல். தாங்கி செய்யச் சொன்னதை நிறுத்திவிட்டு, ஆறு வண்டிக்கும் எடுத்து வைத்த மற்ற பன்னிரண்டு சாமானையும் ஓரமாக அடுக்கிப் பழைய பாயால் மூடியவள் அவள்தான். கோபப்பட்டாள், ஆனால் சொன்னபடி செய்துவிட்டாள்.

சனிக்கிழமை காலைகளில் கம்பெனி முற்றத்தில் வயல்காரர்கள் கூடுவார்கள். உதிரி பாகம் வாங்க, ஐஸ் காப்பிப் பையை உறிஞ்சிக்கொண்டு விலை பேச, மற்றவன் விளைச்சல் எவ்வளவு என்று ஒட்டுக் கேட்க. அந்தச் சனிக்கிழமை இருபது இருபத்தைந்து பேர் இருந்தார்கள். காட்சிக்கு வைத்திருந்த இயந்திரத்தின் மேல் ஏறி லம்யாய் எஞ்சினைக் கிளப்பினாள். வெட்டும் பகுதி மெல்ல உயர்ந்து முழங்கால் உயரத்தில் நின்றது. இறங்கி வந்து உள்ளங்கை ஜாக்கியை அதன் அடியில் வைத்தாள். ஜாக்கிக்கு அடியில் அந்தக் கறைக் கட்டை. எஞ்சினை அணைக்கவில்லை.

"கோல்ஃப்!" என்று கூப்பிட்டாள். 'தம்பி' என்ற சொல் இல்லை, ஒன்றும் இல்லை.

அவன் காகிதத்தையும் பேனாவையும் எடுத்துக்கொண்டே வந்தான், பாவம். கையெழுத்துப் போடத்தான் கூப்பிடுகிறாள் என்று நினைத்தான்.

"போடறேன். இப்பவே போடறேன். அதுக்கு முன்னால நீ இதுக்கு அடியில படு."

"அக்கா, என்ன இது..."

"ரொம்ப நேரம் வேண்டாம். நாப்பது நிமிஷம். வினாய் கை வச்ச இடத்துல உன் கையை வை. அதே ஜாக்கி, அதே கட்டை. இங்க சிமெண்டுத் தரைதான், சேறுகூட இல்ல. உனக்குச் சலுகை. எந்திரிச்சு வந்ததும் அவன் கவனக்குறைவுன்னு நானே சொந்தக் கையால எழுதித் தரேன்."

முற்றத்தில் காப்பி உறிஞ்சும் சத்தம் நின்றது.

"எல்லாரும் பாக்கறாங்க அக்கா" என்றான் அவன் மெதுவாக.

"பாக்கத்தான் கூப்பிட்டேன். ஐயா, வயல்காரங்களே! உங்க வயலுக்கு வர்ற வண்டியில தொண்ணூத்தொம்பது கருவி இருக்குன்னு எழுதியிருக்கே, நூத்திப் பன்னெண்டு இருக்க வேண்டியது. பதிமூணு ஏன் இல்லைன்னா எண் ராசியா இல்லையாம். வாட்ச் திறக்கிற திருப்புளி இருக்கு, வேணும்னா கேட்டு வாங்கிக்கோங்க. ஆள் செத்துப்போகாம இருக்க வைக்கிற தாங்கி மட்டும் இல்லை. விரல் போன மறுநாள் அதைக் கொண்டுவந்து வச்சிருக்காங்க. இதோ பாருங்க, கையில ஒட்டுன மஞ்சள் இன்னும் போகல."

ஒரு கிழட்டு வயல்காரர் இருமினார். "படுத்துக் காட்டேன்யா. இல்லைன்னா இல்லைன்னு சொல்லு."

யாரோ சிரித்தார்கள். கோல்ஃப் உண்மையாகவே குனிந்தான். ஒரு முழங்காலைத் தரையில் ஊன்றினான், புதுக் கால்சட்டை. தலையை உள்ளே நீட்டி மேலே பார்த்தான். வரிசையாகக் கத்திகள், எஞ்சினோடு சேர்ந்து நடுங்கிக்கொண்டு. கையை நீட்டினான். பாதியில் நின்றது. அதை எல்லோரும் பார்த்தார்கள். பிறகு கையை இழுத்துக்கொண்டான். எழுந்திருக்கவில்லை, மண்டியிட்டபடியே இருந்தான்.

லம்யாய்க்கு அவன் மேல் இரக்கம் வந்ததாக ஊன் சொல்கிறாள். ஊன் சொல்வதில் பாதிதான் நம்பலாம். லம்யாய் எஞ்சினை அணைத்தாள், அது உண்மை.

சியா ஹெங் மாடி ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்திருக்கிறார். இறங்கி வந்தவர் மகனை எழுப்பவில்லை. கட்டையைக் குனிந்து பார்த்தார். கறையைப் பார்த்தார். மகன் கையிலிருந்த காகிதத்தை வாங்கி, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

"இது வேண்டாம்" என்றார். அப்புறம் வயல்காரர்கள் பக்கம் திரும்பிச் சிரித்தார். "வெயில் அதிகமா இருக்கு, உள்ள வாங்க, காப்பி என் செலவு." எட்டுப் பேர்தான் உள்ளே போனார்கள்.

தொழிலாளர் ஆபீசுக்கு வேறு காகிதம் போயிற்று. தாங்கி வண்டியில் இல்லை என்று அதில் எழுதியிருந்தது. கவனக்குறைவு என்ற சொல் இல்லை. மன்னிப்பு என்ற சொல்லும் இல்லை, அதை யாரும் எதிர்பார்க்கவும் இல்லை. வினாய்க்குக் கேட் வேலை இல்லை. கை ஆறியதும் ஐந்தாம் வேன் அவனுக்கே. திங்கட்கிழமை ஆறு தாங்கிகள் வந்தன. லம்யாய் கணக்குப் போட்டாள். தொண்ணூற்றொன்பதோடு ஒன்று, நூறு. முதலாளி இதற்கு எப்படி ஒத்துக்கொண்டார்?

"தாங்கியை வண்டிச் சுவர்ல போல்ட் போட்டு மாட்டிடு. எடுத்து மாட்டிக்கற மாதிரி" என்றார் சியா ஹெங், அவள் முகத்தைப் பார்க்காமல். "ஜோசியர்கிட்ட கேட்டேன். சுவர்ல மாட்டியிருக்கறது கருவி இல்ல. வண்டியோட உறுப்பு. எண்ணிக்கையில வராது."

கேட்டுக்கொண்டு நின்ற லம்யாயின் காது சிவந்தது. அப்படியானால் முதல் நாளே இதை ஜோசியனிடம் கேட்டிருக்கலாம். ஒரு போன். இரண்டு விரல்களுக்கு ஒரு போன்.

"சரிங்க முதலாளி" என்றாள். அவள் வாயிலிருந்து அந்தச் சொல் வந்ததைக் கேட்டு அவர் நிமிர்ந்து பார்த்தார். அதற்குள் அவள் துளைபோடும் மிஷினை எடுக்கப் போய்விட்டாள்.

பாயை விலக்கினாள். குழாய், சங்கிலி, வெட்டுளி, மற்றவை. தாங்கி போக மீதி பன்னிரண்டு. ஆறு வண்டிக்கும் பன்னிரண்டு பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் ஒரு கொக்கி, கொக்கிக்கு இரண்டு துளை. முதல் வண்டிக்குள் ஏறி, பளபளவென்று இருந்த வெள்ளைச் சுவரில் துளை போட ஆரம்பித்தாள். இரும்புத்தூள் கொட்டியது. சத்தம் கேட்டுக் கோல்ஃப் ஓடிவந்தான்.

"அக்கா, புது வண்டி அக்கா! தாங்கிக்கு மட்டும்தானே அப்பா சொன்னாரு?"

"வண்டியோட உறுப்பு தம்பி, எண்ணிக்கையில வராது" என்று சொல்லி மிஷினை இன்னும் அழுத்தினாள்.

வினாயும் அன்று கட்டு மாற்றிவிட்டு வந்திருந்தான். வேன் கதவருகே நின்று கொஞ்ச நேரம் பார்த்தான். "இருந்தாலும் அந்தப் பையனை எல்லார் முன்னாலயும் அப்படி மண்டி போட வச்சிருக்க வேண்டாம் லம்யாய். சின்னப் பையன்."

மிஷின் நின்றது. அவள் திரும்பினாள். முகமெல்லாம் இரும்புத்தூள்.

"எட்டு விரலோட நின்னுக்கிட்டு அவனுக்குப் பரிஞ்சு பேசறியா? உன்னைத் திருத்தவே முடியாது. போ. போய் நிழல்ல உக்காரு."

அவன் போகவில்லை. நல்ல கையால் கொக்கி ஒன்றை எடுத்துத் துளைக்கு நேராகப் பிடித்தான். அவள் அவனைப் பார்க்காமல் கையை நீட்டினாள்.

"பதினேழாம் நம்பர்."

எடுத்துக் கொடுத்தான். அவள் வெடுக்கென்று பிடுங்கினாள். இன்னும் நூற்று நாற்பது துளைகள் இருந்தன, அவளுடைய கோபம் அதற்கெல்லாம் போதும் போலத்தான் தெரிந்தது.